உலோகம் எதுவும் கூடாது

போன வியாழக்கிழமை வண்டி இல்லை.
அதற்கு முந்தைய வியாழன் வண்டி இருந்தது, ஆள் இல்லை:
ஆயுதப்படை முழுக்கத்
தேர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தோம்.
அதற்கும் முன்னால்
எல்லாம் இருந்தது, டாக்டர் லீவு.
இப்படி நான்கு மாதம்
தன் தலைவலியைத்
தொரப்பாடிக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார் முனிரத்தினம்,
தண்டனைக் கைதி.

சிறை ஆஸ்பத்திரியில் மஞ்சள் மாத்திரை தந்தார்கள்.
மஞ்சள் தீர்ந்ததும் வெள்ளை.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால்
கொஞ்சம் பரவாயில்லை என்று
அவராகவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்.
பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றபோது
'அப்ப சோறும் டபுளா' என்றாராம் ஒரு வார்டர்.
இவரும் சேர்ந்து சிரித்தாராம்.

குற்றம் சின்னதல்ல.
செத்தவர் பெயர் ஃபைலில் இருக்கிறது,
படித்திருக்கிறேன், வயது இருபத்தாறு.
தலைக்குள் இருப்பது
அந்த ஃபைலைப் படித்துவிட்டு வந்ததல்ல.

இன்றைக்கு வண்டி இருந்தது. நாங்கள் இருவரும் இருந்தோம்.
அடுக்கம்பாறை போகும்வரை
ஜன்னல் வலைக்கு முகத்தைக் கொடுத்தபடி வந்தார்.
'பாகாயத்துல இத்தினி கடை ஏது சார்?'
'பாதியா வகுத்துக்கோங்க' என்றேன்.
சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வரிசையில் எங்களுக்கு முன்னும் பின்னும்
ஓர் ஆள் நிற்கிற அளவு இடம்
காலியாகவே நகர்ந்துவந்தது.
என் கர்ச்சீப்பை எடுத்து விலங்கின்மேல் போட்டேன்.
கர்ச்சீப் சின்னது.

ஸ்கேன் அறை வாசலில்
ஷாகிதா என்கிற டெக்னீஷியன் பட்டியலை வாசித்தார்:
மோதிரம், அரைஞாண், தாயத்து, ஹேர்பின்,
கட்டின பல், பெல்ட், காதுக்கருவி,
உலோகம் எதுவும் கூடாது.
அதில் விலங்கு இல்லை.
எழுதியவருக்கு அப்படி ஒரு நோயாளி
ஞாபகத்துக்கு வரவில்லை போலும்.

'கழட்டுங்க.'
கழற்ற, எழுத்தில் உத்தரவு வேண்டும்.
'அப்ப கூட்டிட்டுப் போங்க. அடுத்த தேதி ஆறு வாரம் கழிச்சு.'
எஸ்.எஸ்.ஐ.க்குப் போன் போட்டேன்.
அடித்து அடித்து நின்றது.
மறுபடியும்.
'வாணாம் சார், என்னால உங்களுக்கு இன்னாத்துக்கு வம்பு'
என்றார் முனிரத்தினம், தரையிடம்.
அப்போது எனக்கு வந்த கோபம்
யார்மேல் என்று
இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

சாவியைத் திருப்பினேன்.

கைதி கண்ணைவிட்டு அகலக் கூடாது,
அதனால் நானும் உள்ளே போகவேண்டும்,
அதனால் நானும்:
பெல்ட், விசில், தொப்பியின் முத்திரை,
தோளின் பித்தளை எழுத்துகள், பெயர்ப்பட்டை,
உள்ளே இரும்புத்தகடு இருப்பதாக
எனக்கே தெரியாதிருந்த பூட்ஸ்.
எல்லாம் ஒரு பிளாஸ்டிக் தட்டில்.
அதன்மேலேயே விலங்கும்.
லோகிதாசன் அதை மடியில் வைத்துக்கொண்டு
தட்டுக்குக் காவல் இருந்தான்.

வேலூரில் அப்படி ஒரு குளிர் உண்டென்று
எங்கள் இருவருக்கும் தெரியாது.
அவர் குழாய்க்குள்.
நான் ஒரு மூலையில், சாக்ஸோடு, காதில் பஞ்சோடு.
மிஷின் தட்டியது, கதவைத் தட்டுவதுபோல அல்ல,
கதவையே செய்வதுபோல.
அவர் கால் விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன.
இருபத்தைந்து நிமிடம்
பத்தையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.
என் வேலை அதுதானே.

வெளியே வந்ததும் கையை அவரே நீட்டினார்,
வலதை அல்ல, இடதை.
வலது மணிக்கட்டில் தோல் வழன்றிருப்பதை
அப்போதுதான் பார்த்தேன்.
ஷாகிதா ஒன்றும் சொல்லாமல்
கொஞ்சம் பஞ்சும் மருந்தும் கொண்டுவந்து வைத்தார்.

ரிப்போர்ட் அடுத்த வியாழன்.
வண்டி இருக்குமா என்று அவர் கேட்கவில்லை.
திரும்பும்போது பாகாயத்தில்
என் மார்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர்
மெதுவாகச் சொன்னார்:
'சார், உங்க பேரு
ரெண்டுமே தலகீழா இருக்குது.'